பெயர் ஒன்றுதான், கம்பைலர் வேறு: பில்டைப் பல கணினிகளுக்குப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஸ்பெரி பையில் ஒரு பெரிய சி++ புராஜெக்ட் கம்பைல் ஆக மணிக்கணக்கில் இழுக்கிறது. சரி, பக்கத்து டெஸ்க்டாப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று, கம்பைல் வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்சிசி (distcc) போடுகிறோம். கம்பைல் விறுவிறுவென முடிகிறது. கடைசியில், கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர், 'ஃபைல் இன் ராங் ஃபார்மேட்' என்று நின்றுவிடுகிறது.

உடனே பில்ட் விதிகள் உள்ள மேக்ஃபைலைக் குடைய வேண்டாம். டிஸ்ட்சிசி கம்பைலரை அனுப்புவதில்லை, அதன் பெயரை மட்டுமே அனுப்புகிறது. 'ஜி++' (ஜிசிசி தொகுப்பின் சி++ கம்பைலர்) என்று பை கேட்டால், டெஸ்க்டாப் தன்னிடம் உள்ள ஜி++-ஐ ஓட்டும். அது தருவது டெஸ்க்டாப்பின் எக்ஸ்86 சிப்புக்கான ஆப்ஜெக்ட் (கம்பைல் ஆன கோப்பு), பையின் சிப்புக்கு வேண்டியதோ ஆர்ம். அதனால் முழுப் பெயரைக் கொடுங்கள்: 'ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ-ஜி++-12'. டெபியனில் இதே பெயரில் கிராஸ் கம்பைலர், அதாவது வேறு வகைச் சிப்புக்குக் கம்பைல் செய்வது, கிடைக்கும்.

கடைசியில் வரும் அந்த 12-ஐ விட்டுவிடாதீர்கள். ஹெடர்கள் (நிரலோடு சேர்க்கப்படும் அறிவிப்புக் கோப்புகள்) பையிலேயே விரிந்துதானே டெஸ்க்டாப்புக்குப் போகின்றன, அங்கே எந்தப் பதிப்பு இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் விரிபவற்றில் ஜிசிசியின் சொந்த ஹெடர்களும் உண்டு. அவற்றில் வரும் பில்ட்இன் பெயர்கள், அதாவது கம்பைலருக்குள்ளேயே இருக்கும் செயல்பாடுகளின் பெயர்கள், பழைய பதிப்புக்குத் தெரியாது. அங்கே கம்பைல் தோற்றதும் டிஸ்ட்சிசி அதே கோப்பை இங்கே மறுபடி ஓட்டும். பில்ட் முடிந்துவிடும், வேகம் மட்டும் வராது. 'ரீட்ரையிங் லோக்கலி' என்ற எச்சரிக்கை வந்தால், நெட்வொர்க்கைச் சந்தேகிக்கும் முன் பதிப்பைப் பாருங்கள்.

பழைய லைப்ரரிகளோடு சேர்க்கும்போது இன்னொன்று. 2015-இல் வந்த ஜிசிசி 5, தன் சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++இல் ஸ்டிரிங், லிஸ்ட் இரண்டின் உள்ளமைப்பையும் மாற்றியது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' பிழையில் 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்ற சொல் தெரிந்தால், லைப்ரரி காணவில்லை என்று மறுபடி நிறுவிப் பயனில்லை. ஏபிஐ (ABI, கம்பைல் ஆன துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் அமைப்பு) ஒத்துப்போகவில்லை, எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் கம்பைல் செய்ய வேண்டும்.

முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து மீண்டும் தரும் சிகேஷை (ccache) நம்பும்போதும் கவனம் தேவை. அது இயல்பாகப் பார்ப்பது கம்பைலர் கோப்பின் அளவையும் நேரத்தையும்தான். நடுவில் கம்பைலரை அழைக்கும் ஒரு ரேப்பர் ஸ்கிரிப்ட் இருந்தால், பின்னால் கம்பைலர் மாறியது அதற்குத் தெரியாது. பழைய ஆப்ஜெக்டையே எடுத்துக் கொடுக்கும். 'கம்பைலர் செக்' அமைப்பில், உண்மையான கம்பைலரின் பதிப்பைக் கேட்கும் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள்.

எந்தக் கம்பைலர் ஓடியது என்று ஊகிக்கவே வேண்டாம். ஆப்ஜெக்ட் கோப்பின் 'கமென்ட்' பகுதியை ரீட்எல்ஃப் (readelf) என்ற கருவி கொண்டு திறந்தால், அதை உருவாக்கிய கம்பைலரின் பெயரும் பதிப்பும் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.