தொடைத் தசையை எம்.ஆர்.ஐ.யில் அளப்பது எப்படி?

தசை இழைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்ற ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். ஓர் இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. படத்தின் ஒரு புள்ளியோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நமக்குத் தெரிவது தசையின் வடிவமும் பருமனும், அதற்குள் புகுந்திருக்கும் கொழுப்பும்தான்.

படி 1: படுக்கவைத்தல். பேஸ்மேக்கர், உலோகப் பொருள் பற்றிய பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் காலைக் கவனியுங்கள். உடற்பயிற்சி செய்த கையோடு வந்தவரைப் படுக்கவைக்காதீர்கள். உழைத்த தசையில் நீர் கூடியிருக்கும், அளவு மாறிவிடும். முழங்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் திண்டு வையுங்கள். இல்லாவிட்டால் தொடையின் பின்புறம் நசுங்கி, தசையின் வடிவமே கெடும்.

படி 2: இடம் குறித்தல். தொடை எலும்பின் நீளத்தில் சரிபாதி. “முட்டிக்கு மேல் 15 செ.மீ.” என்று வைத்தால் நெட்டையருக்கு ஓரிடம், குட்டையருக்கு வேறிடம்.

படி 3: படமெடுத்தல். தொடையைக் குறுக்கே நறுக்கிப் பார்ப்பதுபோல் வரிசையாகப் படங்கள் கிடைக்கும். டி1 என்ற வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளை, தசை சாம்பல். கொழுப்பை அளக்க, 1984இல் வந்த டிக்சன் முறை. கொழுப்பிலுள்ள புரோட்டான்கள் (ஹைட்ரஜன் அணுக்கருக்கள்) நீரிலுள்ளவற்றைவிடச் சற்று மெதுவாகச் சுழலும். 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் வேறுபாடு சுமார் 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 சுற்று. அதை வைத்து நீர்ப்படம், கொழுப்புப்படம் எனக் கணினி பிரித்துத் தரும். சில சமயம் இரண்டையும் இடம் மாற்றியும் தரும்! நீர்ப்படத்தில் தோலடிக் கொழுப்பு வெள்ளையாக மின்னினால் உஷாராகுங்கள்.

படி 4: எல்லை வரைதல். பொறுமையைச் சோதிப்பது இதுதான். 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள் போதும். ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்ற தசையில் தொடங்குங்கள். தொடையின் முன்புறம் தனித்து நிற்கும், கை பழகும். வாஸ்டஸ் லேட்டராலிஸ், வாஸ்டஸ் இன்டர்மீடியஸ் என்ற இரு தசைகளும் நடுத்தொடையில் ஒட்டிக்கொண்டு எல்லையை மறைக்கும். இரண்டு மூன்று படங்கள் மேலும் கீழும் நகர்த்துங்கள். மெல்லிய கீற்று ஒன்று தென்படும் இடத்திலிருந்து கோட்டைத் தொடருங்கள். அப்போதும் தெரியவில்லையா? இரண்டையும் ஒன்றாக அளந்து, அப்படியே எழுதிவையுங்கள். ஊகித்துப் போட்ட கோட்டைவிட அது மேல்.

படி 5: கணக்கு. ஒவ்வொரு படத்திலும் நீங்கள் வரைந்த எல்லைக்குள் உள்ள பரப்புகளைக் கூட்டி, ஒரு படத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை உள்ள தூரத்தால் பெருக்கினால் கன அளவு. ஒரு படம் காட்டும் துண்டின் தடிமன் 5 மி.மீ., துண்டுகளுக்கு இடையிலான இடைவெளி 5 மி.மீ. என்றால் அந்தத் தூரம் 10 மி.மீ. நான் முதல் தடவை இடைவெளியை மறந்து, நல்ல ஓட்டக்காரர் ஒருவரின் தொடையைப் பாதியாக்கிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, பழைய கோடுகளைப் பார்க்காமல் மறுபடி வரையுங்கள். இரண்டுக்கும் எத்தனை விழுக்காடு வித்தியாசமோ, அதைவிடச் சிறிய மாற்றத்தைத் தசை வளர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள்.