தக்காளி, கத்தரியில் நூற்புழு மருந்து: இட வேண்டிய நேரமும் இடக்கூடாத இடமும்

சென்னையின் மாதவரம், புழல் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளியும் கத்தரியும் ஈரம் இருந்தும் நண்பகலில் வாடி, உரமிட்டும் வெளிறி நின்றால், இலைக்கு மருந்து தெளிக்கும் முன் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தெடுத்து வேரை நீரில் அலசிப் பாருங்கள். வேரே ஆங்காங்கே பருத்து முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால், அது வேர்முடிச்சு நூற்புழு என்னும், மண்ணில் வாழும் மிக நுண்ணிய புழுவின் தாக்குதல். அவரையிலும் காராமணியிலும் மட்டும் கவனம் தேவை. நகத்தால் தள்ளியதும் உதிர்பவை தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நல்ல முண்டுகள், அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

மருந்தில் அளவைவிட நேரமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. முட்டையிலிருந்து வெளிவந்த, அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத இளம்புழு மண்ணில் வேரைத் தேடி நகரும் நாட்களில்தான் மருந்து அதை நன்கு தாக்குகிறது. வேருக்குள் குடியேறி முடிச்சு உண்டான பின் எந்த மருந்தாலும் அந்த முடிச்சைக் கரைக்க முடியாது. நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே அடுத்த தலைமுறை வந்துவிடுவதாலும், ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதாலும், நாற்றங்காலையும் நடவு நாளையும் தவறவிட்டவர் பிறகு செலவழிப்பது பெரும்பாலும் வீண்.

கார்போபியூரான் 3 சதவீதக் குருணை, புளூவோபைரம் திரவம் ஆகியவை இன்று கிடைப்பவை. முன்பு பலர் இட்ட போரேட் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டதால், பழைய இருப்பு என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கார்போபியூரான் குறைந்த அளவில் புழுவைக் கொல்லாமல் மயக்கத்தில் ஆழ்த்துவதே அதிகம். மண்ணில் மருந்து குறைந்ததும் புழு மீண்டெழும். புளூவோபைரத்தை நீரில் கலந்து வேரடியில் ஊற்ற வேண்டும். எதுவானாலும் லேபிளில் உங்கள் பயிரும் நூற்புழுவும் குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டுமே பயன்படுத்துங்கள். குருணையின் லேபிளில் எக்டேருக்கு 33 கிலோ என்று அச்சிட்டிருந்தால், 247 சென்ட் ஒரு எக்டேர் என்பதால், சென்ட்டுக்குச் சுமார் 134 கிராம் வரும். கண்ணளவில் அள்ளிப் போடாமல் எடைபோடுங்கள்.

குருணையை வெறுங்கையால் தொடக்கூடாது. பறவைகள் பொறுக்கித் தின்று இறக்கும் என்பதால் மண்ணால் நன்றாக மூட வேண்டும். பருவமழை நெருங்கும்போதும், ஏரிக்கரை, கிணற்றடி ஆகிய இடங்களிலும் இடவே கூடாது. புழல் ஏரி நீரையும் சென்னை நகரம் குடிக்கிறது. வாயில் நீர் ஊறி, வியர்த்து, கண்பாவை சுருங்கி, மூச்சு திணறினால் உடனே 108-ஐ அழைத்து, மருந்தின் லேபிளையும் எடுத்துக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கீரைப் பாத்தியில் இந்தக் குருணை வேண்டவே வேண்டாம். முளைக்கீரையும் சிறுகீரையும் மாதத்திற்குள் அறுவடையாகி மறுநாளே குழந்தைகளின் தட்டுக்குப் போகின்றன. நஞ்சு அடங்க அந்த நாட்கள் போதா. அங்கே விதைப்புக்கு முன்பே சென்ட்டுக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கை மண்ணில் கலந்து, முந்தைய பயிரின் முடிச்சு வேர்களைப் பிடுங்கி வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள்.