வீசி எறிந்த மவுண்டன் பைக்கை மறுபடி ஓடவைப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில், லயத்து வீடுகளின் பின்பக்கமும் பழைய இரும்புக் கடைகளிலும் 26 அங்குலச் சக்கர மவுண்டன் பைக்குகள் மழையில் நனைந்து கிடக்கும். வெளித்துருவைப் பார்த்து மலைக்க வேண்டாம். சைக்கிளைக் கெடுப்பது பேரிங்குக்குள் இறங்கிய தண்ணீர்தான்.

காசு செலவழிக்கும் முன் பிரேமைப் பாருங்கள். ஹேண்டில் கழுத்தும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மயிரிழை விரிசலோ, பெயின்ட் மடிந்த நெளிவோ தெரிந்தால் அது இரும்புக் கடைக்கே போகட்டும். அடுத்து சீட் கம்பி. இரும்புப் பிரேமுக்குள் அலுமினியக் கம்பி ஈரத்தோடு பல வருடம் இருந்தால் இரண்டும் அரித்து இறுகிவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் சீட்டைப் பிடித்துத் திருகியபடி இழுங்கள். சுத்தியலை எடுக்காதீர்கள். அசையவே இல்லை, ஆனால் உயரம் உங்களுக்குச் சரி என்றால், அப்படியே விட்டுவிடுவதுதான் புத்தி.

பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பானர். இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகும். ஸ்பானரை மேல்நோக்கி மாட்டிப் பின்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும்.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் சக்கர நடு. அச்சை விரலால் சுற்றுங்கள். மணல் அரைப்பதுபோல் இருந்தால் திறந்தே ஆக வேண்டும். இதற்கு மெல்லிய கோன் ஸ்பானர் வேண்டும், சாதாரண ஸ்பானர் உள்ளே நுழையாது. கீழே ஒரு தட்டு வையுங்கள். புல்லில் விழுந்த பேரிங் குண்டு கிடைக்காது. பெரும்பாலும் முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 3/16 அங்குலக் குண்டு 10, பின்சக்கரத்தில் 1/4 அங்குலக் குண்டு 9. மண்ணெண்ணெயில் கழுவி, கோனில் (குண்டுகள் உருளும் கூம்பு நட்டில்) பள்ளம் விழுந்திருந்தால் அதை மாற்றுங்கள். குண்டு எப்படியும் புதிதுதான், விலை அற்பம். கிரீஸைத் தாராளமாக அப்பி, அதிலேயே குண்டுகளைப் பதியுங்கள். பூட்டு நட்டை இறுக்கியபின் அச்சு ஆடவும் கூடாது, சிக்கவும் கூடாது. ஓரிரு தடவை கழற்றி மாட்டினால்தான் அந்தப் பதம் கைக்கு வரும்.

செயினை ஸ்கேலால் அளக்கலாம். ஓர் ஆணியின் நடுவில் 0 வைத்தால் 24 ஆணி தள்ளி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 1/16 அங்குலம் கூடினால் செயினை மாற்றுங்கள். 1/8 கூடிவிட்டால் பின்பக்கப் பற்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது வழுக்கும்.

பழைய பிரேக் கட்டை கல்லாய்ப் போயிருக்கும். கட்டை, கேபிள், அதன் உறை மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். துருப்பிடித்த உறைக்குள் புதுக் கேபிள் போடுவது வீண். கட்டை ரிம்மை மட்டும் தொட வேண்டும். டயரில் பட்டால் அறுத்துவிடும். ரிம்மின் பக்கம் விரலுக்குக் குழிவாகப் பட்டால் அந்தச் சக்கரத்தை நம்பாதீர்கள்.

கியரைத் தொடும் முன் பின்னாலிருந்து பாருங்கள்: பின்கியர் பிரேமில் தொங்கும் காது வளைந்திருந்தால் எந்தத் திருகும் உதவாது. காது நேரானபின், பின்கியரில் L என்று குறித்திருக்கும் எல்லைத் திருகைச் சரிசெய்யுங்கள். அந்தத் திருகு தளர்வாக இருந்தால் செயின் ஆரக்கம்பிக்குள் பாயும்.

டயரில் நூல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். வாங்கும்போது பக்கவாட்டில் 559 என்ற எண் (டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மி.மீ.) இருக்கிறதா பாருங்கள்; 26 அங்குலம் என்ற பெயரில் வேறு அளவுகளும் உண்டு. செம்பனைக் காட்டுச் செம்மண் பாதைக்கு 35 முதல் 40 பி.எஸ்.ஐ. காற்று போதும்.

செயினில் மோட்டார் எண்ணெயையோ கிரீஸையோ பூசாதீர்கள். செம்மண் தூசி ஒட்டி, அதுவே பல்லைத் தேய்க்கும். கணுவுக்கு ஒரு சொட்டு சைக்கிள் எண்ணெய் விட்டு, வெளியே இருப்பதைத் துடைத்துவிடுங்கள்.

முதல் நாள் ஓட்டியதும் கிராங்க் (பெடல் மாட்டும் கை) போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். தளர்ந்தபடியே மிதித்தால் கிராங்கின் சதுரத் துளை உருண்டையாகித் தேய்ந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.