இங்கிலாந்தில் ஜன்னல் மாற்றினீர்களா? மீதிப் பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

இங்கே வந்து கொஞ்ச காலம் வாடகைக்கு இருந்துவிட்டு, ஹாரோ, ஈஸ்ட் ஹாம், குரொய்டன் பக்கம் பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கும் நம்மவர்கள் பலர் முதலில் கைவைப்பது ஜன்னலில்தான். ஆயிரக்கணக்கான பவுண்டு போகிற வேலை. புது ஜன்னல் வந்து இறங்கியதும், ஒன்றுக்கு ஒன்று பொருந்தவில்லை, காற்று வருகிறது, கண்ணாடிக்குள் மூட்டம் என்று புலம்பல் தொடங்கும். ஊரில் போல மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டால் இங்கே ஒன்றும் நடக்காது. எழுத்தில் என்ன இருக்கிறது, உங்கள் கையில் இன்னும் எவ்வளவு பணம் நிற்கிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் காரியம் நடக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. சாதாரணக் குறுகிய கால வாடகையில் வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் பழுதுபார்ப்பது உரிமையாளர் பொறுப்பு, 1985-ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது, ஜன்னலும் அதில் வரும். போனில் சொல்லாதீர்கள், படம் எடுத்து மின்னஞ்சல் போடுங்கள். லீஸ்ஹோல்டு பிளாட், அதாவது கட்டடம் வேறொருவருடையதாக இருக்க நீண்ட காலக் குத்தகையில் பிளாட் வாங்கியவர்கள் லீஸ் பத்திரத்தை ஒருமுறை படியுங்கள், ஜன்னல் பல இடங்களில் உங்களுடையதே இல்லை, கட்டட உரிமையாளருடையது.

சொந்த வீட்டுக்காரர்கள் ஆர்டர் போடும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டுக்கே வந்து விற்கும் ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக 14 நாள் ரத்து உரிமை உண்டு, ஆனால் உங்கள் வீட்டு அளவுக்கென்றே செய்கிற பொருளுக்கு அது பொருந்தாது. அதனால் சர்வேக்கு வருபவர் அளவெடுத்தபின் தரும் படத்தை உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பகுதி திறக்கும், எந்தப் பக்கம் திறக்கும், வெள்ளை என்றால் வழவழப்பா மரக்கோடு போட்டதா, குளியலறைக் கண்ணாடிக்கு எந்த டிசைன், எவ்வளவு மறைக்கும், எல்லாம் அதில் இருக்க வேண்டும். வீட்டு முகப்பில் கண்ணாடிகள் ஒரே அளவாகத் தெரியவில்லை என்று பலர் சண்டைக்குப் போகிறார்கள். திறக்கும் பகுதியில் இரண்டு பிரேம் சேர்ந்து தடிமனாகத் தெரியும், திறக்காத பகுதியில் ஒன்றுதான், அதனால் வருகிற வித்தியாசம் அது. அதைச் சமமாக்க டம்மி சாஷ் என்று திறக்காத பக்கத்திலும் ஒரு பிரேம் போடுவார்கள். கேட்டு எழுதி வாங்கியிருந்தால் அது வராதது அவர்கள் குறை, எழுதவில்லை என்றால் வாதாட ஒன்றுமில்லை.

சரி, ஜன்னல் மாட்டியாயிற்று, ஆட்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், கையெழுத்துக்கு ஒரு தாள் நீட்டுகிறார்கள். உடனே போடாதீர்கள். ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடுங்கள். திறக்கும் பகுதி கீழே உரசினால் உள்ளே பேக்கர், அதாவது கண்ணாடியை நேராகத் தாங்க வைக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டு, சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான், அப்போதே செய்யச் சொல்லுங்கள். மூடிய ஜன்னலின் விளிம்போரம் ஊதுபத்தியை மெல்ல நகர்த்துங்கள், காற்று நுழைகிற இடத்தில் புகை திரும்பும். வெளியே போய் பிரேமின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகளைப் பாருங்கள், அவசரத்தில் அதையும் சிலிகான் பூசி அடைத்துவிடுகிற புண்ணியவான்கள் உண்டு.

அப்புறம் கண்ணாடி. எல்லாம் மெல்லிய பூச்சு போட்ட, வெப்பம் காக்கும் லோ-ஈ கண்ணாடி என்று விற்றிருப்பார்கள், அதில் ஒன்றிரண்டு சாதாரணக் கண்ணாடியாகக் கலந்து வந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. இருட்டியபின் லைட்டரை ஏற்றிக் கண்ணாடி அருகில் பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு பரப்பு, ஆகவே நான்கு சுடர் தெரியும், பூச்சு உள்ள பரப்பில் விழுவது மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். நான்கும் ஒரே நிறம் என்றால் கேள்வி கேளுங்கள். திரைச்சீலையைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓடும் ஸ்பேசர் பட்டையில் பல சமயம் தயாரிப்பு விவரம் அச்சாகியிருக்கும், அதையும் படம் எடுத்து வையுங்கள். தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குக் கீழே வரும் ஜன்னல் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும், மூலையில் சிறிய முத்திரை இருக்கும். கீறல் விஷயத்தில் மட்டும் மூக்கை ஒட்டிப் பார்த்துப் பயனில்லை. பகல் வெளிச்சத்தில் உள்ளிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் தெரிகிறதா என்பதுதான் இந்தத் தொழிலில் அளவு.

ஈரப் படிவைப் பார்த்ததும் பதற வேண்டாம். காலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படிந்தால் வெப்பம் வெளியேறவில்லை என்று அர்த்தம், நல்லதுதான். அறைப் பக்கம் வழிந்தால் அது நம் சமையல், குளியல், அறைக்குள் உலர்த்தும் துணி. குளிருக்குப் பயந்து டிரிக்கிள் வென்ட்டை, அதாவது பிரேமில் காற்று வர வைத்திருக்கும் சிறு திறப்பை, டேப் ஒட்டி அடைத்தால் இன்னும் மோசமாகும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில், கையால் துடைக்க முடியாத இடத்தில் மூட்டம் இருந்தால்தான் சீல் போய்விட்டது. அதற்கும் முழு ஜன்னலை மாற்ற வேண்டியதில்லை, பிரேமை விட்டுவிட்டுக் கண்ணாடி யூனிட்டை மட்டும் மாற்றலாம். உத்தரவாதம் இருக்கும்போதே பிரேமோடு மாற்றப் பணம் கேட்டால் வேறு ஆளிடம் விசாரியுங்கள்.

குறை உறுதி என்றால் தேதி, படம், எந்த அறை, ஆர்டரில் என்ன எழுதியிருந்தது என்று ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, சரிசெய்ய நியாயமான கெடு கொடுங்கள். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் சொன்னபடி இருக்க வேண்டும், வேலை கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும். முதல் 6 மாதத்துக்குள் பொருளில் தெரியும் குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. நண்பர் ஒருவர் வீட்டில் மாடிக் குளியலறைக்கு உள்ளே தெரிகிற கண்ணாடியை மாட்டிவிட்டு, மேலே ஒட்டுகிற பிலிம் இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். அவர் ஆர்டர் தாளை மட்டும் திருப்பி அனுப்பினார், கண்ணாடி மாறியது. மீதிப் பணத்தை மொத்தமாகப் பிடித்து வைக்காதீர்கள், குறைக்கு ஏற்ற தொகையைக் காரணம் எழுதி நிறுத்துவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. முன்பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் நேராக அந்த நிறுவனத்துக்குக் கட்டியிருந்தால், பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை என்றால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு கம்பெனியும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இது கிடையாது. கடைசி வழி ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு தொகை வழக்கு, 10,000 பவுண்டு வரை வக்கீல் இல்லாமலே ஆன்லைனில் போடலாம். அதற்கு முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

'நம்ம ஆளுதான், ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துப் போடுவார்' என்று வருபவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஜன்னல் மாட்டுபவர்களைப் பதிவு செய்யும் ஃபென்சா அல்லது செர்டாஸ் அமைப்பில் பதிவு உண்டா? 2002 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜன்னல் மாற்றுவது கட்டட விதிகளுக்குள் வருகிறது. பதிவு உள்ளவர் தானே சான்றளிக்கலாம், இல்லாதவர் என்றால் கவுன்சிலில் கட்டட விதிகளைக் கவனிக்கும் பில்டிங் கன்ட்ரோல் பிரிவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வீடு விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அந்தச் சான்றிதழைக் கேட்பார். சான்றிதழ் இல்லாமல் ஏற்கெனவே மாட்டியாயிற்று என்றால் கவுன்சிலில் ரெகுலரைசேஷனுக்கு, அதாவது முடிந்த வேலைக்குப் பின்னால் ஒப்புதல் வாங்க, கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம், ஆள் வந்து பார்ப்பார், விதிக்கு ஒத்துவராததைத் திருத்தச் சொல்வார்.