வீட்டுக்குள் நில ஆமை: வெப்ப விளக்கிலும் புற ஊதா விளக்கிலும் செய்யக் கூடாத தவறுகள்

ஸ்பெயின், இத்தாலி, பால்கன் நாடுகளின் வெயிலில் மேய்ந்து வாழும் இனம் ஹெர்மன் ஆமை. பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் பலர் இதை உரிய சான்றிதழோடு வாங்கி வளர்க்கிறார்கள். (இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நட்சத்திர ஆமையைத் தேடிப் போக வேண்டாம். அதை வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) வீட்டுக்குள் அடைபட்ட ஆமைக்கு நாம் மாட்டும் விளக்குதான் வெயில். அதில் பிழை நேர்ந்தால் மாதக்கணக்கில் வெளியே தெரியாது. தெரியும்போது ஓடு மெத்தென்று ஆகியிருக்கும், கால்கள் வளைந்திருக்கும்.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, வெப்ப விளக்கை ஒரு மூலையிலும் புற ஊதா விளக்கை எதிர்மூலையிலும் மாட்டுவது. ஆமை சூடும் வெளிச்சமும் உள்ள இடத்தைத் தேடித்தான் போகும். எதிர்மூலையில் எரியும் விளக்கால் அதற்குப் பயன் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா-பி கதிர் தோலில் பட்டதும் வைட்டமின் டி3-இன் முன்வடிவம் உருவாகிறது. அது டி3 ஆக மாற உடல் சூடாக இருக்க வேண்டும். டி3 இல்லாமல் உணவில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து தூவினாலும் உடல் அதைச் சரியாக ஏற்காது. ஆகவே, பெட்டியின் பாதி நீளத்துக்கு வரும் டி5 வகை (மெல்லிய) நீளப் புற ஊதாக் குழல்விளக்கை ஹாலஜன் வெப்ப விளக்கின் பக்கத்திலேயே மாட்டுங்கள். இரண்டின் ஒளியும் ஒரே இடத்தில் விழ வேண்டும். எதிர்ப்பக்கம் நிழலாகவும் 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியோடும் இருக்கட்டும்.

குழல்விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து மாட்டினால் ஒளி நேரே கண்ணில் அடிக்கும். மேலிருந்துதான் விழ வேண்டும். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ இருந்தால் புற ஊதா-பி ஏறக்குறைய முழுவதும் நின்றுவிடும். கம்பிவலையும் கணிசமான பங்கைத் தடுக்கும். அதனால்தான் மூடிய ஜன்னலோரம் ஆமையை வைத்து "வெயில் படுகிறதே" என்று நிம்மதி அடைவதில் பொருள் இல்லை. விளக்கின் உயரத்தை உற்பத்தியாளர் தரும் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். புற ஊதாவின் வலுவைக் காட்டும் புற ஊதா குறியீட்டு மீட்டர் கிடைத்தால், ஆமையின் முதுகு உயரத்தில் 3 முதல் 4 வரை காட்டுகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் குறையாமலே குழல்விளக்கின் புற ஊதா வலு குறைந்துகொண்டு போகும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மாட்டிய தேதியைக் குழலின் நுனியில் மார்க்கரால் எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சூட்டை அளப்பதில் நடக்கும் பிழை இன்னும் மோசமானது. பெட்டிச் சுவரில் ஒட்டிய வெப்பமானி 28 காட்டும். அதே நேரத்தில் விளக்கின் கீழ் கழுத்தையும் பின்னங்கால்களையும் நீட்டிப் படுத்திருக்கும் ஆமையின் முதுகு உச்சியில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினால் 45 வரலாம். குவிந்த ஓடு தரையைவிட விளக்குக்கு எவ்வளவோ நெருக்கம் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. முதுகு உயரத்தில் 35 டிகிரி அளவில் இருந்தால் போதும். குறுகிய ஒளிக்கற்றை விழும் பல்பு முதுகின் நடுவில் மட்டும் சுட்டு, உடலின் மற்ற பகுதியைக் குளிராகவே விட்டுவிடும். உடல் முழுவதும் நனையும்படி ஒளி பரவும் ஃப்ளட் பல்பை வாங்குங்கள்.

தரையில் விரிக்கும் ஹீட் மேட் வேண்டவே வேண்டாம். ஆமைக்குச் சூடு மேலிருந்து வருவதுதான் இயல்பு. வயிற்றோடு சுடும்போது அது விலகிப் போகாமலே புண்பட்டுவிடக்கூடும். இரவுக்குச் சிவப்பு பல்பும் வேண்டாம். ஆமைக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும், தூக்கம் கெடும். அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் ஒளியில்லாத செராமிக் ஹீட்டரை தெர்மோஸ்டாட்டோடு (சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) இணையுங்கள். ஹாலஜனுக்கு ஒளியைக் குறைத்துக் கூட்டும் வகை தெர்மோஸ்டாட் பொருந்தும். வெப்பமும் புற ஊதாவும் சேர்ந்து தரும் பாதரச ஆவி பல்பை அதோடு இணைக்கக் கூடாது. அதன் சூட்டை உயரத்தால்தான் சரிசெய்ய முடியும்.

இந்த விளக்குகள் காற்றை உலர்த்திவிடும். ஆப்பிரிக்க முட்தொடை ஆமைக் குஞ்சுகளை வைத்து 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓடு மேடுமேடாக வளர்வதற்குப் புரதத்தைவிட வறண்ட காற்றே பெரிய காரணமாகத் தெரிந்தது. பெட்டியில் பரப்பிய மண்ணின் அடிப்பகுதி எப்போதும் ஈரமாக இருக்கட்டும்.

பல்பைப் பீங்கான் ஹோல்டரில் பொருத்திச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். கிளிப்பை நம்பினால், அது நழுவி வைக்கோலில் விழ ஒரு தட்டல் போதும்.

கோடையில் நல்ல வெயில் வந்தால் ஆமையைத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். எந்த விளக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதீர்கள். உள்ளே சூடு மளமளவென்று ஏறி, தேநீர் போட்டுத் திரும்புவதற்குள் ஆமை உயிருக்குத் தவிக்கும் நிலைக்கு வந்துவிடும்.