எட்டு போடப் போகிறவர்களுக்கு: வண்டி, கை, கண்

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் பைக் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். 6 மாதத்துக்குள் போய்விட வேண்டும். தேர்வில் கால் ஊன்றாமல் 8 வடிவத்தில் வண்டியைச் சுற்றிக் காட்ட வேண்டும், அதுதான் எட்டு. ஸ்கூட்டியில் எட்டு போட்டுக் காட்டினால் கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் கிடைக்கும். கியர் வண்டி ஓட்டப் போகிறவர் கியர் வண்டியிலேயே போவது நல்லது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கட்டும்.

எட்டில் கால் ஊன்றுபவர்களைப் பார்த்தால், சில நேரம் குறை வண்டியில் இருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை ஒரு விரலால் தள்ளினால் இரண்டு பக்கமும் தானாகத் திரும்பி விழ வேண்டும். நடுவில் பிடித்து நின்றால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) இறுக்கம், அல்லது தேய்மானம். அந்த வண்டி நேர் ரோட்டில் ஒழுங்காகப் போவதுபோல் தெரியும். மெதுவாக வளைக்கும்போது காலை வாரிவிடும். டயரில் காற்று குறைந்தாலும் ஹேண்டில் கனக்கும். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 15 மி.மீ. ப்ளே (தளர்வு) போதும். செயின் ரொம்பத் தொய்ந்திருந்தால் ஆக்ஸிலேட்டரைத் தொடும்போதெல்லாம் வண்டி குதிக்கும். ஐடிலிங் குறைவென்றால் வளைவின் நடுவில் இன்ஜின் ஆஃப் ஆகும். இதையெல்லாம் ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் சரிசெய்துகொண்டு, அதே வண்டியில் பழகுங்கள். தேர்வு நாளில் நண்பனின் வண்டியை இரவல் வாங்குவது வீண் வம்பு.

பழக மைதானத்தில் இரண்டு தண்ணீர் பாட்டில்களை 8 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். கை பழகப் பழக 5 மீட்டருக்குக் குறைக்கலாம். ஃபர்ஸ்ட் கியர். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், அதைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். வேகத்தைப் பார்த்துக்கொள்வது பாதி கிளட்ச்தான். வலது காலால் பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி போனால் வண்டி குலுங்காது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஃபோர்க் அமுங்கி வண்டி உள்பக்கமாகச் சாயும், கால் தானாகத் தரைக்குப் போய்விடும்.

முன் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். முதல் பாட்டிலைச் சுற்றி முடிப்பதற்குள் தலை இரண்டாவது பாட்டில் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். முழங்கால் டேங்கை ஒட்டியிருக்கட்டும். வண்டி சாய்ந்தாலும் இடுப்புக்கு மேலே நேராக உட்காருங்கள். விழப்போகிறது என்று தோன்றினால் கிளட்சை நூலளவு விடுங்கள், வண்டி நிமிர்ந்துவிடும். பயத்தில் கிளட்சை முழுக்கப் பிடித்தால் நிச்சயம் கால் ஊன்ற வேண்டியதுதான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் கை சிக்னல் காட்டச் சொல்லலாம். சிக்னல் காட்டுவது வலது கை, ஆக்ஸிலேட்டரும் அதே கையில். அதனால் செகண்ட் கியரில் சீராக உருளும்போது மட்டும் கையை எடுங்கள். இடது கை ஹேண்டிலை இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், தாடைப் பட்டையையும் மாட்டியிருக்க வேண்டும்.

இனி உடம்பு. 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டாக்டர் சான்றிதழ் தேவையில்லை, படிவம் 1-இல் நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு மேல் என்றால் டாக்டர் தரும் படிவம் 1ஏ. கேள்விகளைப் படிக்காமலே டிக் அடிப்பவர்கள்தான் அதிகம். ஒரு கேள்வி, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது. சுமார் 35 காலடி நடந்து போய், ஒரு கண்ணை மூடி மற்றதால் படித்துப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கண்ணின் மங்கல் தெரியவே தெரியாது. கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிகிறது என்றால் கண்ணாடி போட்டே ஓட்ட வேண்டும். மாலைக் கண் இருக்கிறதா, வலிப்போ திடீர் மயக்கமோ வந்ததுண்டா என்றும் கேட்டிருக்கும். வந்ததுண்டு என்றால் மறைக்காமல் எழுதிவிட்டு டாக்டரைப் பாருங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் லேசான அல்லது நடுத்தரக் குறை இருப்பவர்களும் லைசென்ஸ் பெற 2020-இல் விதியைத் திருத்திவிட்டார்கள்.

படிவம் கேட்காதவையும் உண்டு. 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போய்விடுகிறோம். தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மாத்திரை அந்த ஒரு நொடியை எளிதாகத் தின்றுவிடும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் சாப்பிடாமல் வண்டியை எடுக்கக் கூடாது. கை நடுங்கி வியர்த்தால் உடனே ஓரங்கட்டி இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும். கழுத்துப் பிடிப்பு இருக்கும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க முடியாது, பக்கக் கண்ணாடியில் விழாத வண்டி தெரியாமலே போகும்.

தேர்வில் தவறினால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 7 நாளில் முழு எட்டையும் போட்டுக்கொண்டிருக்காமல், கால் ஊன்றிய பக்கத்து வளைவை மட்டும் தனியாகச் சுற்றிப் பழகுங்கள். பெரும்பாலும் வலது பக்க வளைவாகத்தான் இருக்கும், ஆக்ஸிலேட்டர் கை உடம்போடு மடங்குவது அங்கேதான்.