பஃபின் தீவுகளும் லா மான்ச் காடும்: நியூஃபவுண்ட்லாந்தில் ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

செயின்ட் ஜான்ஸ் நகரில் ஒரு நாள் கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், 10ஆம் எண் சாலையைப் பிடித்துத் தெற்கே போங்கள் என்பேன். கனடாவின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது அவலான் தீபகற்பம். வட அமெரிக்காவிலேயே மிக அதிகமான அட்லாண்டிக் பஃபின் என்ற கடற்பறவைகள் கூடு வைக்கும் தீவுகள் அதன் கரையோரம்தான் உள்ளன. அதே சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போனால் காடு, சதுப்பு, அருவி எல்லாம் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் கடலை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை நான் மாற்றிச் செய்தேன். காலையில் ஆற அமரக் காட்டில் நடந்துவிட்டு மதியம் துறைக்குப் போனபோது காற்று பலமாக எழுந்துவிட்டது. அன்று படகு புறப்படவில்லை. காற்று அடித்தாலும் காட்டில் நடக்கலாம். தீவுக்குப் போக முடியாது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பஃபின்கள் ஆண்டின் பெரும்பகுதியை நடுக்கடலிலேயே கழிக்கும். முட்டையிடுவதற்காக வசந்தத்தில் தரைக்கு வந்து, செப்டம்பர் வாக்கில் கடலுக்குத் திரும்பிவிடும். என் தேர்வு ஜூலை. குஞ்சுகள் பொரிந்து, தாயும் தந்தையும் மீன்களை அலகில் குறுக்காக அடுக்கிக்கொண்டு வளைக்குத் திரும்பும் காலம் அது. கேப்லின் என்ற சிறு மீன் கரைக்கு வந்து முட்டையிடுவதும் ஏறத்தாழ அப்போதுதான். அதைத் துரத்திக்கொண்டு கூன்முதுகுத் திமிங்கலங்களும் வரும். மிதக்கும் பனிமலைகளைப் பார்க்க விரும்புபவர்கள் மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ போகலாம்.

படி 2: காலைப் படகுக்கு டிக்கெட் எடுங்கள்

பே புல்ஸ் ஊர் செயின்ட் ஜான்ஸிலிருந்து சுமார் 30 கி.மீ. வாடகைக் காரில் அரை மணி நேரம். அங்கிருந்தும் பக்கத்து ஊரான விட்லெஸ் பேயிலிருந்தும் படகுகள் கிளம்புகின்றன. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பயணம். பருவத்தில் கூட்டம் இருக்கும் என்பதால் முன்பதிவு செய்துவிடுங்கள். மூடுபனியால் காலைப் படகு ரத்தானாலும், பிற்பகல் படகுக்கு மாற்றித் தரும்படி கேட்க அன்றைய பொழுது மிச்சமிருக்கும்.

படி 3: குளிருக்கும் குமட்டலுக்கும் தயாராகுங்கள்

ஊருக்குள் வெயில் அடிப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். லாப்ரடார் நீரோட்டம் வடக்கிலிருந்து பனிநீரைக் கொண்டுவருவதால் ஜூலையிலும் கடற்காற்று எலும்பைத் தொடும். கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுப் புகாத மேலங்கி மூன்றும் கட்டாயம். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள். குமட்டலுக்கான மாத்திரையைப் படகு கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பயன் இருக்காது. ஆட்டம் அதிகமானால் கேமராத் திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தொடுவானத்தைப் பாருங்கள்.

இந்தக் கடலின் குளிரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நினைவைத் தவிர்க்க முடியவில்லை. இதே தீபகற்பத்தின் தென்கோடியில், செயின்ட் ஷாட்ஸ் ஊருக்கு அப்பால், 1986 ஆகஸ்டில் மூடுபனிக்கு நடுவே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு காப்பாற்றியவர் கஸ் டால்டன் என்ற உள்ளூர் மீன்பிடிப் படகுத் தலைவர். படகு துறையை விட்டு விலகி முதல் குளிர்காற்று முகத்தில் அறையும்போது எனக்கு எப்போதும் அவர்கள் ஞாபகம்தான் வரும்.

படி 4: தீவை மாடி மாடியாகப் பாருங்கள்

விட்லெஸ் பே சரணாலயத்தில் நான்கு தீவுகள். யாரும் இறங்க அனுமதியில்லை. படகு சற்று விலகியே நிற்கும். முதலில் உங்களுக்கு எட்டுவது நாற்றமும் இரைச்சலும்தான். எந்தப் பறவை எது என்று திணறாதீர்கள். பல மாடிக் கட்டடத்தில் குடியிருப்போரைத் தேடுவதுபோலத் தீவைப் பாருங்கள்.

உச்சியில் புல் படர்ந்த சரிவில் நிற்பவை பஃபின்கள். மண்ணைத் தோண்டி வளை அமைத்து, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுபவை. சரிவில் வரிசையாக ஓட்டைகள் தெரிந்தால் அங்கே கண்ணை நிறுத்துங்கள்.

கீழே செங்குத்துப் பாறையின் விளிம்புகளில் தோளோடு தோள் உரசி நிற்கும் கருப்பு வெள்ளைக் கூட்டம் மர் பறவைகள். உள்ளூர்க்காரர்கள் ‘டர்’ என்பார்கள். இவை கூடே கட்டுவதில்லை; வெறும் பாறையில் ஒரு முனை கூர்மையான முட்டையை இட்டு அடைகாக்கும். அதே பாறையில் சேறும் புல்லும் குழைத்து ஒட்டிய கிண்ணம்போன்ற கூடுகள் தெரிந்தால் அவை கிட்டிவேக்குகளுடையவை. பறக்கும்போது மையில் தோய்த்தெடுத்ததுபோல இறக்கை நுனி கருத்திருக்கும். தன் பெயரைத் தானே கூவும் பறவை அது: காதைத் தீட்டினால் ‘கிட்டி-வேக்’ என்று கேட்கும்.

தண்ணீரையும் மறக்காதீர்கள். பந்துபோல உருண்ட உடல், ஆரஞ்சுக் கால்கள், கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் சிறகடிப்பு: படகின் குறுக்கே போவது பஃபின். நினைத்ததைவிட மிகச் சிறிய பறவை; பெரிதாக எதிர்பார்த்து வருகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். அதைவிடப் பெரிதாக்கினால் படகின் ஆட்டமும் சேர்ந்து பெரிதாகும்.

படி 5: லா மான்ச்

கரையில் சாப்பிட்டுவிட்டு மேலும் தெற்கே காரை விடுங்கள். 10ஆம் எண் சாலையிலேயே லா மான்ச் மாகாணப் பூங்கா வரும். ஊசியிலை மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் சதுப்பு எதிர்ப்பட்டால் குனிந்து பாருங்கள். மழைநீர் நிறைந்த சிவந்த குடுவைகள்போல இலைகள் தெரியும். 1954 முதல் இந்த மாகாணத்தின் மலராக இருக்கும் பூச்சியுண்ணும் செடி அது. இலங்கைக் காடுகளில் கொடியாகப் படரும் நெப்பந்தஸ் என்ற குடுவைச் செடியின் உறவு அல்ல, வேறு குடும்பம். சத்தில்லாத மண்ணில் பூச்சியைப் பிடித்துப் பசியாறும் வழியை மட்டும் இரண்டும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன. பாதையை விட்டுச் சதுப்பில் கால் வைக்காதீர்கள். அந்தப் பாசி மீண்டு வளர வெகுகாலம் ஆகும்.

பாதையின் முடிவில், ஆறு பாறைகளிடையே பாய்ந்து கடலில் விழும் இடத்தில் ஒரு தொங்கு பாலம். இங்கே ஒரு மீனவர் ஊர் இருந்தது. 1966 குளிர்காலத்தில் ஒரு புயல் பாலத்தையும் படகுகளையும் மீன் காயவைக்கும் மேடைகளையும் அடித்துப்போனது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் மக்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். வீடுகளின் அடித்தளக் கற்கள் மட்டும் புல்லுக்குள் கிடக்கின்றன. அவசரப்படாமல் அங்கே ஒரு மணி நேரமாவது இருங்கள்.

படி 6: இருட்டும் முன் திரும்புங்கள்

தீவுகளில் பஃபினைவிட எண்ணிக்கையில் அதிகமான ஒரு பறவையை நீங்கள் பகலில் பார்த்திருக்க மாட்டீர்கள். லீச் புயற்பறவை கைக்குள் அடங்கும் அளவுதான். கடற்காகங்களுக்குப் பயந்து இருட்டிய பிறகே கடலிலிருந்து தன் வளைக்குத் திரும்பும். கோடை முடிவில் முதன்முறை பறக்கும் பஃபின் குஞ்சுகள் ஊர் விளக்குகளால் குழம்பிச் சாலையில் வந்து விழுவதும் உண்டு. விட்லெஸ் பேயில் தன்னார்வலர்கள் இரவில் அவற்றைச் சேகரித்துக் காலையில் கடலில் விடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் போகிறவர்கள் அந்த ஊரைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள்.

அதற்குப் பிறகும் வேகம் வேண்டாம். அந்தி நேரத்தில் மூஸ் மான்கள் சாலைக்கு வரும். அவற்றின் கால்கள் நீளமானவை, காரின் விளக்கு வெளிச்சம் கண்ணில் படாத உயரத்தில் உடல் இருக்கும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர் தூங்காமல் ஓரத்துப் புதர்களைப் பார்த்துக்கொண்டு வரட்டும்.